இரு கடலுக்குப் போகும் மழை: பகாவ் தோட்டங்களின் நிலமும் வரலாறும்



நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கத்துத் தமிழரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், பலரும் தோட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். ஜெராம் பாடாங், கெடஸ், ஆயர் ஈத்தாம் என்று ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஓர் ஊர். ஓர் ஊரின் வரலாற்றை அதன் மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தொடங்குவதுதான் முறை. நம் தோட்டங்களைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரப்பர் விலையையும் கம்பெனி பெயரையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சிரம்பானிலிருந்து குவாலா பிலா வழியாகப் பகாவ் போகிறவர்கள் புக்கிட் புத்துஸ் மலையைக் கடக்க வேண்டும். வடக்கே தாய்லாந்து எல்லைப் பக்கமிருந்து நீண்டு வரும் தித்திவாங்சா மலைத்தொடர் உயரம் குறைந்து குன்றுகளாகச் சிதறுவது இந்த மாநிலத்தில்தான். மலையைத் தாண்டினால் நிலம் மெல்லத் தாழ்ந்து, மேடும் பள்ளமுமாக விரிகிறது. மூவார் ஆறு குவாலா பிலா பக்கமிருந்து கிழக்கே ஓடிவந்து, பகாவ் அருகே தெற்கே திரும்பி, ஜொகூரைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. அதில் சேரும் சிற்றாறு ஜெம்போல். அதற்கு மிக அருகிலேயே ஓடுகிறது செர்த்திங் ஆறு. அது எதிர்த்திசையில் பகாங் ஆற்றுக்குப் போய்த் தென்சீனக் கடலை அடைகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு சிறிய மேட்டு நிலம்தான். ஒரே மழையில் பாதி மேற்குக் கடலுக்கும் பாதி கிழக்குக் கடலுக்கும் போகும் இடம் அது.

அந்தக் காலத்து வணிகர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. மூவார் ஆற்றில் படகேறி வந்து, ஜெம்போலில் நுழைந்து, கரையில் படகை ஏற்றி, ஆட்கள் சேர்ந்து தரைமேல் இழுத்துப்போய்ச் செர்த்திங்கில் விடுவார்கள். தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றாமலே ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போய்விடலாம். பெனாரிக்கான் என்பது அந்தப் பாதையின் பெயர். போர்த்துகீசியர் காலத்து வரைபடங்களிலும் அது இருக்கிறது. 1511இல் மலாக்கா வீழ்ந்தபோது சுல்தான் மாமூட் ஷா பகாங்குக்குத் தப்பிச் சென்றது இவ்வழியே என்று சொல்லப்படுகிறது. நம்மவர் பால் வெட்டிய காடுகள் இந்தப் பழைய உலகப் பாதையின் ஓரத்தில்தான் இருந்தன. நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா?

நமக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றியவர்கள் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள். அவர்களுடைய அடாட் பெர்பாத்தே மரபில் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். பிரிட்டிஷ் ஆட்சி 1909இல் வழக்கு நிலச் சட்டம் ஒன்றை இயற்றி, அந்த நிலங்கள் குலத்துப் பெண்களின் கையிலேயே நிலைக்க வழிசெய்தது. இந்த ஆண்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அடுத்த ஆண்டு, 1910இல், கிம்மாஸிலிருந்து பகாவுக்கு ரயில் வந்தது. பின்னாளில் கிளந்தான் வரை நீண்ட கிழக்குக் கரைப் பாதையின் முதல் துண்டு அதுதான். லண்டனில் ரப்பர் விலை உச்சத்தில் நின்ற ஆண்டும் அதுவே. ரயில் வந்ததும் காடு விழுந்தது. கங்காணிகள் சேலம், திருச்சி, வட ஆர்க்காடு கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் இந்தக் குன்றடிவாரங்களில் வந்து இறங்கினார்கள்.

இறங்கியவர்களை முதலில் தாக்கியது மலேரியா. அதற்கும் இந்த நிலத்தின் அமைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அக்காலத்தில் மலாயாவில் மலேரியாவை ஆராய்ந்தவர் மருத்துவர் மால்கம் வாட்சன். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் வெட்டினால் காய்ச்சல் குறைந்ததை அவர் கண்டார். அங்கே நோய் பரப்பிய கொசு நிழலில் முட்டையிடும் வகை. ஆனால் மலையடிவாரத்தில் காட்டை வெட்டியபோது காய்ச்சல் கூடியது. அங்கே இருந்தது வேறு வகைக் கொசு. தெளிந்து ஓடும் சிற்றோடையில், வெயில் படும் தண்ணீரில் முட்டையிடுவது. மரங்கள் நின்றவரை ஓடைகள் நிழலில் இருந்தன. மரங்கள் விழுந்ததும் வெயில் பட்டது, கொசு பெருகியது. குடிக்கவும் குளிக்கவும் ஏற்ற கண்ணாடித் தண்ணீர் என்று நம்பி ஓடைக்கரையில் லயம் என்ற வரிசை வீடுகளைக் கட்டிய இடங்களில் சாவு அதிகம். பின்னால் ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள், நிலத்தடியில் குழாய் பதித்துத் தண்ணீரை மறைத்தார்கள். அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். தோட்டத்துப் புதைகாட்டில் பெயரில்லாத மேடுகள் இத்தனை ஏன் என்று கேட்கிறவர்களுக்கு, முதல் பதில் அந்த ஓடைகளில் இருக்கிறது.

இதே மண் இன்னொரு கூட்டத்தையும் வாட்டியது. ஜப்பானியர் ஆட்சியில், 1943 இறுதியிலிருந்து, சிங்கப்பூரின் யுரேசியரும் சீனக் கத்தோலிக்கருமாக ஆயிரக்கணக்கானோர் பகாவ் அருகே காட்டில் குடியேற்றப்பட்டார்கள். அவர்களோடு வந்தவர் ஆயர் அட்ரியன் டெவால்ஸ். நகரத்து மனிதர்கள் மண்வெட்டி பிடித்துக் காடு திருத்தினார்கள். மண் விளையவில்லை, மலேரியா விடவில்லை, நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். ஆயரும் 1945 தொடக்கத்தில் இறந்தார். அதே ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச் சயாமில் ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர்க் குடியேற்றத்தைப் பற்றி நூல்கள் வந்துவிட்டன. அந்த மக்களுக்கு எழுத்தறிவும் திருச்சபையின் பதிவேடும் இருந்தன. சயாமுக்குப் போன நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுதாக இல்லை.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், கேட்கிற இளையோர் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். கிராணி என்ற எழுத்தர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். பிறகு அவரவருக்கு ஒதுக்கிய மர நிரைக்குப் போக வேண்டும். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, கத்தியைச் சாய்த்துப் பட்டையை மெல்லிதாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் காயம், கங்காணி ஏசுவார். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டிலேயே ஓட்டம். மரத்துக்கு மரம் மங்குக் கிண்ணத்தில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். காலையில் மழை பிடித்தால் வெட்டும் இல்லை, சம்பளமும் இல்லை. இந்த வேலையில் பாதிக்குமேல் சுமந்தவர்கள் பெண்கள் என்பது என் எண்ணம். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து அடுப்பையும் பற்றவைத்தவர்கள் அவர்கள்தானே.

உழைத்த மண்ணின் மேல் உரிமையும் இருந்தால் என்ன ஆகும் என்பதை வேறொரு மலை ஊரில் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் வாலே மாநிலத்தில் டோர்பெல் என்று ஒரு சிறிய ஆல்ப்ஸ் மலைக் கிராமம் இருக்கிறது. அவ்வூர் மக்கள் 1483இல் கூடி, மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் எப்படிப் பொதுவில் ஆளுவது என்று எழுதிவைத்தார்கள். பனிக்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட முடியுமோ அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517இல் ஒரு விதி செய்தார்கள். அந்தத் தாள்களையும் மாதா கோவில் பதிவேடுகளையும் வைத்து ராபர்ட் நெட்டிங் என்ற மானிடவியலாளர் அந்தக் கிராமத்துக் குடும்பங்களின் பல நூற்றாண்டுக் கதையை எழுதினார். நிலத்தின் மேல் உரிமை இருந்ததால் அவர்கள் விதி எழுதினார்கள், எழுதியதைக் காத்தார்கள்.

மினாங்கபாவ் தாயிடமும் நிலம் இருந்தது, டோர்பெல் விவசாயியிடமும் நிலம் இருந்தது. இடையில் நம் தோட்டத்துப் பெண், மூன்று தலைமுறை பால் வெட்டியும் தன் பெயரில் ஒரு கெஜம் இல்லாமல் நின்றாள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1950களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது ஊரோடு ஆட்கள் வெளியேறினார்கள். அதைக் கண்டுதான் அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்குவது என்ற அந்த எண்ணம், நம் வரலாற்றில் நடந்த மிகத் துணிவான காரியங்களில் ஒன்று. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் அது எட்டவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் குறைவாகத் தேவைப்படும் பயிர் அது. லயங்கள் ஆளில்லாமல் போயின. மேற்கே செண்டாயான் போன்ற இடங்களில் தோட்டமே நகரமாகிவிட்டது.

மிஞ்சியவை கோயிலும் பள்ளியும்தான். நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல இன்னும் 'லாடாங்' என்ற சொல்லோடு தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அந்தப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் அப்பா பெயரும் பிறந்த நாளும் இருக்கும். நம்மிடம் இருக்கும் டோர்பெல் தாள் அதுதான். கரையான் அரிக்குமுன் அவற்றைப் படமெடுத்து வைக்கும்படி தலைமையாசிரியர்களையும் பெற்றோர் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எழுபது வயதைக் கடந்தவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். எந்த ஓடையில் துணி துவைத்தார்கள், அது எந்த ஆற்றுக்குப் போனது, லயங்கள் எத்தனை வரிசை, எந்த மேட்டுக்கு என்ன பெயர், எந்த வீட்டிலிருந்து யார் சயாமுக்குப் போனார்கள், புதைகாடு எந்தப் பக்கம். எழுதியதில் ஒரு படியைப் பள்ளி நூலகத்திலும் இன்னொரு படியைக் கோயில் அலுவலகத்திலும் வையுங்கள்.