கையில்லாத ஹேண்ட் பிரேக்

(பழைய மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை)



"பட்டறைக்காரர் பேசட்டும், ஆனால் பதினைந்து நிமிஷம்தான்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு விஷயம். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின் பிரேக் பேடு மாற்றுவது எப்படி? இந்தக் கூட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் உண்டு, பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு, பிள்ளைகளைப் பட்டறை வேலைக்கு விட்டிருப்பவர்களும் உண்டு. மூன்று தரப்புக்கும் வேண்டிய சங்கதி இது.

மாருதி 800 நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு லீவர். அதை இழுத்தால் ஒரு கேபிள் போய்ப் பின் சக்கரத்து டிரம்முக்குள் ஷூவை விரிக்கும். கேபிள் தளர்ந்தால் ஒரு நட்டைத் திருகினால் போதும். இழுக்கிறவன் கைக்கே தெரியும், பிடித்ததா இல்லையா என்று. இப்போது லீவர் இல்லை, ஒரு பட்டன்தான். 2001-ல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸில் வந்த சங்கதி, நம் ஊர்ச் சாலைக்கு வர இருபது வருஷம் ஆனது. 2020 கிரெட்டா, 2021 எக்ஸ்.யு.வி. 700, 2022 நெக்ஸான் ஈ.வி. மேக்ஸ் இவற்றின் உயர்ந்த ரகங்களில் எல்லாம் இந்தப் பட்டன்தான். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்க நிற்கிற கார்களை எட்டிப் பாருங்க, லீவர் இல்லாத வண்டி நிச்சயம் தென்படும்.

அந்தப் பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது? சிலவற்றில் ஒரு மோட்டார் பழைய கேபிளையே இழுக்கும். அது பெரிய வித்தை இல்லை. இப்போது பெரும்பாலும் வருவது வேறு மாதிரி. பின் காலிப்பரின் முதுகில் ஒரு சின்ன மோட்டார், அதற்குள் பல்சக்கரங்கள், அதன் முனையில் ஒரு ஸ்குரூ. ஸ்குரூ சுற்றினால் அதிலுள்ள நட்டு முன்னேறி, காலிப்பர் பிஸ்டனை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். பேடு டிஸ்க்கை ஒரு டன்னுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும். கரண்ட் நின்றாலும் மரை பின்வாங்காது. அதனால்தான் வண்டி இரவெல்லாம் நிற்கிறது.

இங்கேதான் நம் பையன்களின் பழைய பழக்கம் குறுக்கே வருகிறது. பேடு தேய்ந்தால் பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புதுப் பேடு தடிமன். பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் அது நுழையும். சி கிளாம்ப் போட்டு நெருக்குவார்கள். பிஸ்டனுக்குள் அந்த நட்டு முட்டிக்கொண்டு நிற்கிறதே, அது எப்படிப் போகும்? இன்னும் நெருக்கினால் ஸ்குரூ வளையும், பிளாஸ்டிக் பல் உடையும். போன வருஷம் அப்படி ஒரு வண்டி எங்களிடம் வந்தது. வேறோர் ஊரில் பேடு மாற்றி, பட்டனை அழுத்தினால் "கரகர" என்று சத்தம், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. பேடு மாற்றப் போன மனிதர் காலிப்பருக்கே பணம் கட்டினார்.

காலிப்பர் போனால் பணத்தோடு போயிற்று. விரல் அப்படியா? இந்தப் பிரேக் தானாகவும் இறுகும். சில வண்டிகளில் இஞ்சினை அணைத்தால் இறுகும், சிலவற்றில் காரோட்டி கதவைத் திறந்தாலே இறுகும். இன்னொன்று கேளுங்க. ஓடி வந்த டிஸ்க் சூட்டில் விரிந்திருக்கும், ஆறினால் சுருங்கும். பிடி தளர்ந்துவிடக் கூடாது என்று, சில வண்டிகள் நிறுத்திச் சில நிமிஷம் கழித்து மோட்டாரை இன்னொரு தடவை இறுக்கும். யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் காலிப்பருக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தால்? அதனால் எங்கள் பட்டறையில் முதல் வேலை சாவியை வாங்கி மேஜை டிராயரில் பூட்டுவது. கார்க்காரர் சட்டைப் பையில் சாவியோடு பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது கிடையாது. "என்னடே, என் வண்டிச் சாவியை என்கிட்டயே தரமாட்டேங்கிறே?" என்று சண்டைக்கு வந்த அண்ணாச்சியும் உண்டு. டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தோம்.

வேலையின் முறையைச் சொல்கிறேன். பின் பிரேக்கைப் பிரிக்கும்போது வண்டியைப் பிடித்திருக்கும் பிரேக்கையே அவிழ்த்துவிடுகிறோம். ஆகவே சமதரை பார்த்து, முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை. தேருக்குப் போடுகிற அதே சமாச்சாரம்தான்; ஆயிரம் எலக்ட்ரானிக்ஸ் வந்தாலும் அதை மிஞ்ச எதுவும் வரவில்லை. கியர் பார்க்கில் இருக்கட்டும், கியர் மாற்றும் வண்டியென்றால் முதல் கியரில். பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டுங்க, பாதியில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் நடுவழியில் நின்றுவிடும். பிறகு ஸ்கேனரைச் செருகி, பின் பிரேக் சர்வீஸ் என்ற பகுதிக்குப் போய்க் கட்டளை கொடுத்தால், "ர்ர்ர்" என்று நட்டு பின்னால் போய் ஒதுங்கிக்கொள்ளும். சில கம்பெனி வண்டிகளில் பெடலையும் பட்டனையும் ஒரு வரிசையில் அழுத்தியே இதைச் செய்யலாம். வண்டியின் புத்தகத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்க, கேள்விப்பட்டதை வைத்துச் செய்ய வேண்டாம். ஸ்கேனர் "முடிந்தது" என்று காட்டிய பிறகுதான் காலிப்பரைத் தொடுவது. அதன் பிறகு பிஸ்டன் நேராகத் தள்ளினாலே போகும். பழைய கேபிள் காலிப்பரைப் போலத் திருகித் தள்ள வேண்டியதில்லை. தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று ஒருவர் பார்க்கணும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போய்விடும்.

நம் கரிசலுக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் காட்டுப் பாதையில் போய் வந்த வண்டியைத் தூக்கிப் பாருங்க. சேறு அப்பம் அப்பமாய் ஒட்டியிருக்கும். தை, மாசி வெயிலில் அது கல்லாகிவிடும். காலிப்பர் முன்னும் பின்னும் வழுக்கி ஓட இரண்டு பின் இருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்து கரிசல் தூசி உள்ளே போனால் பின் இறுகிவிடும். உள் பேடு தகடு வரை தேய்ந்திருக்கும், வெளிப் பேடு புதுசு போல இருக்கும். புதுப் பேடு போட்டும் பிரயோஜனமில்லை. பின்னைக் கழற்றித் துடைத்து, சிலிகான் பிரேக் கிரீஸ் போடணும். சாதாக் கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். டீசல், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவும் பழக்கத்தைப் பிரேக் பக்கம் கொண்டுவரவே கூடாது. தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், அது நேரே நெஞ்சுக்குள் போகும். மோட்டார் சாக்கெட்டில் சேறு இருந்தால் துடைத்துவிட்டுக் கழற்றுங்க.

பேடு போட்டு முடித்தால் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கி, அப்புறம் ஸ்கேனரில் சர்வீஸிலிருந்து வெளியே வரணும். மோட்டார் தானே முன்னேறி, புதுப் பேடின் தடிமனைக் கற்றுக்கொள்ளும். இரண்டு மூன்று முறை பட்டனைப் போட்டு எடுத்து, விளக்கு எதுவும் எரியவில்லை என்று பார்த்து, ஒரு பாலத்து ஏற்றத்தில் முகம் மேலேயும், பிறகு முகம் கீழேயும் நிறுத்திப் பார்த்துத்தான் வண்டியை ஒப்படைக்கிறோம்.

கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி செத்து, பிரேக் இறுகியபடி வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்காதீங்க. பின் சக்கரம் சுற்றாது. முதலில் வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பிரேக்கை விடுவிக்கணும்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு விண்ணப்பம். மலிவு விலையில் கிடைக்கிற ஸ்கேனர் இஞ்சின் கோளாறை மட்டும் படிக்கும். இந்தப் பிரேக்கிடம் பேசாது. பேசுகிற ஸ்கேனர் சின்னப் பட்டறைக்காரன் கைக்கு எட்டும் விலையில் இல்லை. இல்லாதவன் என்ன செய்வான்? சி கிளாம்பை எடுப்பான். இல்லையென்றால் வண்டியை மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ அனுப்பிவிட்டுச் சும்மா உட்காருவான். பழுதுபார்க்கும் உரிமை பற்றி 2022-ல் மத்திய அரசு குழு அமைத்தது, அதில் கார்களையும் சேர்த்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதற்குப் பத்து வருஷம் முந்தியே, 2012-ல், மக்கள் ஓட்டுப்போட்டே கார் விஷயத்தில் அந்த உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். அதெல்லாம் நடக்கட்டும். இந்த வருஷச் சங்க நிதியில் நம் கல்லூரி ஆட்டோமொபைல் லேபுக்கு நல்ல ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பட்டறைப் பையன்களுக்கு லேபைத் திறந்து விடுங்கள். கழற்றிப் போட்ட பழைய காலிப்பர்கள் எங்களிடம் கிடக்கின்றன, நான் கொண்டு வருகிறேன். கற்றுக்கொடுக்கவும் வருகிறேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.