காவலிக்குள் ஈலியம்: மீகடத்திக் காந்தங்களின் குளிரூட்டல்

பருத்தித்துறைப் பகுதியில் வேர்கொண்ட குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமி கலை வரலாற்றறிஞராகவே இன்று நினைக்கப்படுகிறார். எனினும், இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதற் பணிப்பாளராக இருந்த காலத்தில், 1904 இல் உலகறிந்த தோரியனைற்று என்னும் கருநிறக் கனிமத்தை இத்தீவில் கண்டெடுத்தவர் அவரே. அதிலுள்ள தோரியமும் யுரேனியமும் சிதையும்போது வெளிப்படும் அல்பாத் துணிக்கைகள் இலத்திரன்களைப் பற்றி ஈலிய அணுக்களாகிப் பளிங்கினுள்ளேயே அடைபட்டுவிடுகின்றன. இயற்கை வாயுக் கிணறுகளிலிருந்து இன்று பெறப்படும் ஈலியமும் இத்தகைய சிதைவினால் நிலத்தடியில் சேர்ந்ததே. அதன் ஒரு சிறு பங்கு துணிக்கை ஆர்முடுக்கிகளின் காந்தங்களைக் குளிர்விக்கச் செல்கிறது.

ஜெனீவா அருகே செர்ன் நிறுவனத்தின் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள ஆர்முடுக்கியில், துணிக்கைக் கற்றையை வளைக்கும் 1232 இருமுனைக் காந்தங்கள் 8.33 தெசுலாப் புலத்துக்கென வடிவமைக்கப்பட்டு, 1.9 கெல்வினில் வைக்கப்பட்டுள்ளன. அக்குளிரில் உலோகத்தின் வெப்பக் கொள்ளளவு மிகச் சிறிது. ஆதலால், கற்றையிலிருந்து விலகிய சில துணிக்கைகள் சுருளில் மோதினாலோ, காந்த விசையால் ஒரு கம்பியிழை மயிரிழையளவு நகர்ந்து உராய்ந்தாலோ, அவ்விடம் சூடேறி மீகடத்துநிலையை, அதாவது மின்தடையற்ற நிலையை, இழந்துவிடக்கூடும். அங்கு தோன்றும் தடையில் 11,850 அம்பியர் மின்னோட்டம் பாயும்போது எழும் வெப்பம் அயற்பகுதிகளையும் அந்நிலையிலிருந்து வீழ்த்துகிறது.

இவ்வீழ்ச்சியைத் தடுப்பதில் பெரும்பங்கு ஈலியத்தினுடையது. 2.17 கெல்வினுக்குக் கீழே மீப்பாய்மமாகி, உராய்வின்றி நுண்ணிய இடுக்குகளிலும் புகும் இத்திரவம், சமகனவளவுள்ள கடத்தியைவிட ஏறத்தாழ 2000 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது. ஆனால் அது கம்பியைத் தொட்டாலன்றிப் பயனில்லை. சுருளின் சுற்றுகளுக்கிடையே மின் கசியாதிருக்கச் சுற்றப்படும் பொலியிமைட்டு நாடாவோ வெப்பத்தையும் மறிக்கிறது. ஆகவே வெளியடுக்கு நாடாவின் சுற்றுகளுக்கிடையே சிறு இடைவெளி விடப்பட்டு, மின்சாரத்துக்கு அடைபட்டதும் ஈலியத்துக்குத் திறந்ததுமான காவலி அமைக்கப்பட்டது. காந்தத்தின் பேராற்றலைப் பேசுவோர் பெரும்பாலும் கவனியாது விடும் இவ்விடைவெளியே இப்பொறியியலின் மிக நுட்பமான பகுதி எனலாம்.

அவ்வழியே வெளிவரும் வெப்பம், அசைவற்று நிற்கும் மீப்பாய்மத்தைக் கடந்து, காந்தத்தின் நெடுகச் செல்லும் செப்புக் குழாயை அடைகிறது. அக்குழாயினுள் தாழ்ந்த அமுக்கத்தில் ஆவியாகும் ஈலியம், மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகிக் குளிர்வதைப் போலவே, மறைவெப்பமாக அதனை உறிஞ்சுகிறது. மீப்பாய்மத்தில் வெப்பநிலைச் சாய்வு எட்டு மடங்கானாலும் வெப்பப் பாய்ச்சல் இரு மடங்கே ஆவதால், வழியின் நீளமும் அகலமும் முன்கூட்டியே கணிக்கப்படவேண்டும்.

வலிமை கூடிய புதிய காந்தங்களுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட நையோபியம்-வெள்ளீயச் சேர்வை நொறுங்கும் இயல்பினது. அதன் சுருளைப் பிசினில் தோய்த்து இறுக்கவேண்டியிருப்பதால், ஈலியம் கம்பிவரை புகும் வழி அடைபட்டுப்போகிறது. சுமார் 18 கெல்வின்வரை மீகடத்தும் அதன் இயல்பு இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. எஞ்சியதற்காக, மோதற்புள்ளிகளுக்கு அண்மையிலுள்ள காந்தங்களில் கற்றைக்குழாயினுள் தங்குதன் கவசம் பொருத்தி, துணிக்கைகளின் ஆற்றலில் கணிசமான பகுதியைச் சுருளை அடையுமுன்பே தடுத்துவிடுகின்றனர்.