எயிற்பட்டினத்துக் கடல்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டம், தன் மண்ணுக்குரிய நெய்தலை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும்.

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி என்பர். எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துக் காண்பர் அறிஞர். அலைகள் கொணர்ந்த மணமரத்தை விறகாக்கி, தேறலும் சுட்ட குழல்மீனும் அளித்துப் பாணரை ஓம்பும் பரதவர் குடியை அங்கே காட்டுகிறார் நல்லூர் நத்தத்தனார். உணவும் எரியும் கடலின் கொடையாக அமைந்தமை நோக்கத்தக்கது. கடல் வளமாக இருந்தமையால் குடிசையிலும் ஈகை இருந்தது.

அவ்வளம் ஆழ்கடலில் மட்டும் உருவாவதன்று. திண்டிவனம், வானூர்ப் பகுதி ஏரிகளின் மிகைநீர் கழுவெளியை அடைகிறது. எடையன்திட்டுக் கழிமுகத்தின் வழியே ஏறிவரும் கடல்நீரோடு கலந்து உவர்நீராகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் இத்தகைய கழிகளில் வளர்ந்து, மீண்டும் கடல் புகுந்து இனம் பெருக்குகின்றன. எனவே, உள்நாட்டில் ஓர் ஏரி தூர்ந்தாலும், ஓர் ஓடையில் கழிவு கலந்தாலும், அதன் இழப்பு மரக்காணத்துப் பரதவர் வலையில் தெரியும். மீன்கூடை சுமக்கும் பெண்ணின் அடுப்பிலும் தெரியும்.

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 5,151 எக்டேர் பரப்புடைய இந்நீர்நிலையைக் காப்பதற்கு இவை நல்ல தொடக்கங்கள். மீனினம் பெருக வேண்டுமென்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீனவர் தம் வருவாயை இழந்து கடலுக்கு ஓய்வளிக்கின்றனர். அக்கடலுக்கு நன்னீரைத் தூய்மையாக அனுப்பும் கடமை, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழ்ந்து அம்மீனையும் மரக்காணத்து உப்பையும் உண்போர்க்கு இல்லையா?

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தலைவனைப் பிரிந்த தலைவியின் இரங்கலைப் புலவர் பாடினர். மீனும் பறவையும் உப்பும் அந்நிலத்தின் கருப்பொருள்கள். அவை அழியின், நெய்தல் என்னும் பெயர் ஏட்டில் மட்டுமே எஞ்சும். பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் பெயரும் குடிகளின் இரங்கலே பாடுபொருளாகும்.

ஆதலின், கடலின் அழகைப் பாடும் கவிஞர்கள் ஒருமுறை கழுவெளிக் கரையில் நடந்து, உப்பளத் தொழிலாளரோடும் மீனவப் பெண்டிரோடும் உரையாடி, அதன்பின் எழுதுவார்களாக. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் ஆற்றத்தக்க பணி அதுவாகும்.