மரக்காலைச் சரிபார்த்த திருத்தந்தை



திருத்தந்தை பெரிய கிரகோரியை வரைந்த ஓவியர்கள் தலையைச் சுற்றி ஒளிவட்டமும் காதருகே ஒரு புறாவும் வரைந்தார்கள். கையில் தானியம் அளக்கும் ஒரு மரக்காலும் கொடுத்திருக்கலாம்.

ரோமாபுரியின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை அவர். நகர ஆட்சித் தலைவராக இருந்தவர், பதவியை உதறிவிட்டுச் சொந்த வீட்டையே மடமாக்கித் துறவியானார். 590-இல் கொள்ளைநோய் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுவைக் கொண்டுபோனது. அந்த இடத்துக்கு மக்கள் கிரகோரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரோ, ஒப்புதல் தர வேண்டாமென்று கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த பேரரசருக்குக் கடிதம் எழுதினார். அதை வழியிலேயே மடக்கிவிட்டார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியரான தூர் நகரத்து ஆயர் குறித்திருக்கிறார். இன்று பட்டம் பெற்று, நாளை முதல் வேலைக்கு விண்ணப்பம் போடப்போகும் உங்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

அப்படி அவர் பதவிக்கு வந்தபோது ஊருக்குள் பசியும் நோயும்; வெளியே, இத்தாலிக்குள் படையெடுத்து வந்திருந்த லொம்பார்டுகளின் படை. ரோமுக்குச் சோறு போட்டவற்றுள் முக்கியமானவை சிசிலியில் இருந்த திருச்சபை நிலங்கள். இங்கிலாந்துக்கு மறைப்பணியாளரை அனுப்பியதைத்தான் கிரகோரியின் பெருமையாகப் பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்த நிலங்களைக் கவனித்த பேதுரு என்பவருக்கு 591-இல் அவர் எழுதிய நீண்ட கடிதத்தைச் சொல்வேன்.

குடியானவர்களிடம் பெரிய மரக்காலால் அளந்து வாங்குவது அவர் காதுக்கு எட்டியிருந்தது. 18 செக்ஸ்டாரிக்கு (ரோமானிய முகத்தல் அளவு) மேல் கொள்ளும் மரக்கால் கூடாது என்றார். தானியத்துக்குச் சந்தை விலை கொடுக்கச் சொன்னார். கல்யாணத்துக்கு வாங்கும் கட்டணம் ஒரு பொற்காசைத் தாண்டக்கூடாது. தாம் இறந்தபின் வருகிறவர்கள் பழையபடி பிடுங்குவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. அதனால் யார் எவ்வளவு செலுத்த வேண்டும் என்று எழுதி, குடியானவர் கையிலேயே கொடுத்துவிடச் சொன்னார்.

குறையும் உண்டு. திருச்சபை நிலங்களில் அடிமைகளும் உழைத்தார்கள். அந்த முறையை அவர் ஒழிக்கவில்லை.

அதே பேதுரு ஒருமுறை ஒரு மட்டமான குதிரையும் ஐந்து நல்ல கழுதைகளும் அனுப்பினார். குதிரை மட்டம் என்பதால் ஏற முடியவில்லை, கழுதைகள் நல்லவைதான் என்றாலும் கழுதைகள் என்பதால் ஏற முடியவில்லை என்று கிரகோரி பதில் எழுதினார்.

இப்படி அவர் எழுதியவற்றில் 850-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கடைசி ஆண்டுகளில் மூட்டுவலி முற்றி, எழுந்து நிற்பதே பெரும்பாடாகிவிட்டது. 604 மார்ச் 12 அன்று அவர் இறந்தார். அந்த வலிமிகுந்த காலத்துக் கடிதங்களும் இவற்றோடு சேர்ந்தே இருக்கின்றன.