வெள்ளிக் கூஜாவைத் தின்ற கவிஞர்: ஹென்றி திம்ராட்டின் கடிதங்கள்



கடித இலக்கியம் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டீர்கள். பொதுவாகப் பேசினால் எதையும் பேசாததுபோல் ஆகிவிடும். ஆகவே ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஹென்றி திம்ராட். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துக் கவிஞர், பத்திரிகை ஆசிரியர். 1828இல் பிறந்து, 1867இல், நாற்பது வயது நிறையும் முன்பே, காசநோயால் இறந்தவர். 2006இல் பாப் டிலன் வெளியிட்ட ‘மாடர்ன் டைம்ஸ்’ இசைத்தொகுப்பின் வரிகளில் திம்ராட்டின் சாயல் இருக்கிறது என்ற பேச்சு எழுந்தபோது, அமெரிக்கர்களிலேயே பலர் அவர் பெயரை முதன்முறையாகக் கேட்டார்கள். அவர் கவிதைகளைவிட அவருடைய கடிதங்களே இன்று நமக்குப் பெரிய பாடம் என்பது என் எண்ணம்.

கடிதம் எழுதியவரும் காலமும்

திம்ராட் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை அல்லர். தந்தை சார்ல்ஸ்டன் நகரில் புத்தகம் கட்டும் தொழில் செய்தவர், தாமும் கவிதை எழுதியவர். புளோரிடாவில் நடந்த செமினோல் போருக்குப் போய் உடல்நலம் கெட்டு 1838இல் இறந்தார். மகன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்; படிப்பை முடிக்க முடியவில்லை. ஜேம்ஸ் பெட்டிக்ரூ என்ற பெரிய வழக்கறிஞரிடம் சட்டம் பயின்றார்; அதுவும் ஒட்டவில்லை. பின்னர் தோட்ட முதலாளிகளின் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் அவருடைய வாழ்நாள் நண்பரானார். அவர்தான் பால் ஹாமில்டன் ஹெய்ன். அவரும் கவிஞர், அவரும் ஆசிரியர். சார்ல்ஸ்டனில் ரஸ்ஸலின் புத்தகக் கடை எழுத்தாளர்கள் கூடும் இடம். நாவலாசிரியர் வில்லியம் கில்மோர் சிம்ஸ் அங்கே நடுநாயகம். அந்தக் கூட்டத்திலிருந்து 1857இல் ‘ரஸ்ஸல்ஸ் மேகசின்’ பிறந்தது. ஹெய்ன் ஆசிரியர், திம்ராட் முக்கியப் பங்களிப்பாளர். 1860 என்று ஆண்டிட்டு திம்ராட்டின் கவிதைத் தொகுதி வெளியானது. அவர் வாழ்நாளில் வந்த ஒரே தொகுதி அதுதான். அதை வெளியிட்டது வடக்கே பாஸ்டன் நகரத்து டிக்னர் அண்டு ஃபீல்ட்ஸ் நிறுவனம். அடுத்த ஆண்டே வடக்கும் தெற்கும் போரில் இறங்கின.

1861 பிப்ரவரியில் தென் மாநிலங்களின் பேராளர்கள் மான்ட்கமரியில் கூடித் தனி நாடு அறிவித்தபோது, அந்த நாட்டின் பிறப்பைப் பாடினார் திம்ராட். ‘எத்னோஜெனிசிஸ்’ என்பது அந்தக் கவிதையின் பெயர். அதே ஆண்டில் பருத்திக் காயைப் பாடுபொருளாக்கி இன்னொரு நெடுங்கவிதை. இவ்விரண்டும் அவரைத் தெற்கின் அவைப் புலவராக்கின. படையில் சேர்ந்தார், உடல் தாங்கவில்லை. 1862இல் ‘சார்ல்ஸ்டன் மெர்க்குரி’ நாளிதழின் போர்ச் செய்தியாளராக மேற்குக் களத்துக்குப் போனார். அதையும் உடல் தாங்கவில்லை. 1864 தொடக்கத்தில் மாநிலத் தலைநகர் கொலம்பியாவுக்குக் குடிபெயர்ந்து ‘சவுத் கரோலினியன்’ நாளிதழில் துணையாசிரியராகவும் பங்குதாரராகவும் ஆனார். நிலையான வருமானம் வந்ததும் அந்தப் பிப்ரவரியிலேயே கேட் குட்வின் என்ற இங்கிலாந்துப் பெண்ணை மணந்தார். ஆண்டுக் கடைசியில், கிறிஸ்துமசுக்கு முதல் நாள், ஆண் குழந்தை பிறந்தது. அவர் வாழ்க்கையில் வெயிலடித்த ஆண்டு அது ஒன்றுதான்.

தலையங்கத்தின் குரல், கடிதத்தின் குரல்

நாளிதழ் ஆசிரியருக்கு ஒரு கட்டாயம் உண்டு. நாள்தோறும் ஊருக்குத் தைரியம் சொல்ல வேண்டும்; போர்க்காலத்தில் இருமடங்கு சொல்ல வேண்டும். தான் நம்புகிறோமா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. அந்த வேலை தன்னிடமிருந்த கவிதையை வற்றச் செய்துவிட்டது என்று ஹெய்னிடம் திம்ராட் முறையிட்டிருக்கிறார். நிலையான வேலையைத் தேடினார். வேலை கிடைத்ததும் கவிதை போயிற்று. இதைத் தலையங்கத்தில் எழுத முடியாது, கவிதையிலும் எழுத முடியவில்லை. கடிதத்தில்தான் எழுத முடிந்தது.

ஆனால் எல்லாக் கடிதத்திலும் ஒரே திம்ராட் இல்லை. 1861, 1862 ஆண்டுகளில் கொலம்பியாவைச் சேர்ந்த ரேச்சல் லயன்ஸ் என்ற இளம்பெண்ணுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் இருப்பவர் தன் கவிதையைக் காட்டிப் பாராட்டு வாங்க ஆசைப்படும் மனிதர். புண்படக் காத்திருக்கும் மனிதர். ஹெய்னுக்கு எழுதும்போது அந்த அலங்காரம் கழன்றுவிடுகிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனிடம் நடிக்க என்ன இருக்கிறது? ஒருவரின் கடிதத்தை வைத்து அவர் மனத்தை அளப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, அது யாருக்கு எழுதப்பட்டது என்பதையே.

1866 மார்ச் 30

1865 பிப்ரவரி 17 அன்று வடக்கின் ஜெனரல் ஷெர்மனின் படை கொலம்பியாவுக்குள் நுழைந்தது. அன்றிரவு ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. நாளிதழ் அலுவலகம் அழிந்தது. திம்ராட்டின் முதலும் பிழைப்பும் சேர்ந்தே அழிந்தன. அந்த அக்டோபரில் பத்து மாதக் குழந்தை வில்லி இறந்தது.

ஓராண்டு கழித்து ஹெய்ன் கடிதம் எழுதி, போன வருடக் கதையைச் சொல் என்று கேட்டார். போர்க்காலத்தில் சார்ல்ஸ்டனில் தன் வீட்டையும் நூலகத்தையும் இழந்தவர் அவர். 1866 மார்ச் 30 அன்று திம்ராட் பதில் எழுதினார். பிச்சைக்கார நிலை, பட்டினி, சாவு, துயரம், நம்பிக்கையே இல்லாமை என்று ஐந்தாறு சொற்களில் அந்த வருடத்தை முடித்துவிடுகிறார். அடுத்து வருவதுதான் வியப்பு. வீட்டுச் சாமான்களை விற்றுப் பிழைக்கும் நிலையைச் சொன்னவர், அடுத்த வரியிலேயே அவற்றைத் தின்றோம் என்று எழுதுகிறார். இரண்டு வெள்ளிக் கூஜாக்கள், ஒன்றிரண்டு டஜன் வெள்ளி முட்கரண்டிகள், சில சோபாக்கள், எண்ணிக்கையில்லாத நாற்காலிகள், கடைசியாக ஒரு பெரிய கட்டில். இத்தனையும் தின்று தீர்த்தாயிற்று என்று கணக்கு ஒப்பிக்கிறார். அந்தப் பட்டியல் சிறியதிலிருந்து பெரியதுக்கு ஏறுகிறது. நகைச்சுவைக்காரன் கட்டும் ஏணி அது. மனம் உடைந்தவனின் வாக்குமூலம் என்று மட்டும் இதை வாசித்தால், உடைந்த நிலையிலும் வாக்கியத்தை இழைத்துச் செதுக்கிய எழுத்தாளனைத் தவறவிடுவோம்.

அதே கடிதத்தில், தான் இதுவரை எழுதிய கவிதை முழுவதையும் ரொக்கமாக நூறு டாலருக்கு மறதியில் தள்ளிவிடத் தயார் என்கிறார். இதைச் சோகக் குரலில் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இது விலை பேசும் குரலாகவே கேட்கிறது. ஊரே கொண்டாடிய கவிதைக்குச் சந்தை விலை என்ன என்று ஒருவர் முதன்முறையாகக் கேட்கிறார். அதற்கான பதில் மற்ற கடிதங்களில் வருகிறது. வடக்கத்திய இதழ்களுக்கு அனுப்பினார், திரும்பி வந்தன. ஒரு நாளிதழுக்குத் தலையங்கம் எழுதினார். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. ஆளுநர் ஜேம்ஸ் ஆரின் அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்தக் கூலி கைக்கு வந்தது. மனைவி, தாய், சகோதரி என்று ஒரு குடும்பத்தை எழுத்தால் காப்பாற்ற நினைப்பது அபத்தம் என்று தெளிவாகவே எழுதிவிட்டார்.

1867இல் ஜார்ஜியாவின் பைன் காட்டில் ஹெய்ன் குடியிருந்த காப்ஸ் ஹில் குடிலுக்குப் போய்த் தங்கிவந்தார். அந்த இலையுதிர் காலத்திலேயே ரத்தம் கக்கி, அக்டோபர் 7 அன்று கொலம்பியாவில் இறந்தார். அவருடைய கடைசி நாட்களைப் பற்றிச் சகோதரி எமிலி, ஹெய்னுக்கு எழுதினார். அந்தக் கடிதங்கள் இல்லையென்றால் திம்ராட்டின் சாவு பத்திரிகையின் இரங்கல் குறிப்போடு முடிந்திருக்கும்.

கடிதம் சொல்லாதது

இங்கே நிறுத்திவிட்டால் நாம் ஒரு நல்ல மனிதருக்காகக் கண் கலங்கிவிட்டுக் கலைந்து போவோம். தெற்கு பல தலைமுறைகளாக அதைத்தான் செய்தது.

1860 மக்கள்தொகைக் கணக்கின்படி தென் கரோலினாவில் வாழ்ந்தவர்கள் 7,03,708 பேர். அவர்களில் 4,02,406 பேர் அடிமைகள். நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர். திம்ராட் பாடிய பருத்தியை நட்டவர்கள், பறித்தவர்கள், பொதி கட்டியவர்கள் அவர்களே. அவருடைய பருத்திக் கவிதையில் அவர்களுக்குக் கிடைத்த இடம், கவிஞர் மரத்தடியில் சாய்ந்திருக்கையில் ஒரு பருத்திக் காயைப் பெருமிதச் சிரிப்போடு கொண்டுவந்து கொடுக்கும் கருத்த விரல்கள். அவ்வளவுதான். அந்த விரல்களுக்கு முகமில்லை. ‘எத்னோஜெனிசிஸ்’ பாடிய நாடு யாருக்காகப் பிறந்தது, யாரை அடிமையாகவே வைத்திருக்கப் பிறந்தது என்று கேட்காத புலமை அது.

ஷெர்மனின் படை வந்த நாள் திம்ராட்டுக்கு முடிவு. அதே நாள், அதே கொலம்பியாவில், அடிமைத்தளையில் இருந்தவர்களுக்கு அது தொடக்கம். அவர்களுடைய பக்கத்திலிருந்து அந்த நாளைப் பற்றிக் கடிதம் எழுதியவர்கள் மிகச் சிலராகத்தான் இருக்க முடியும். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைத் தென் கரோலினா 1834ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்திருந்தது. ஆகவே ஒரு தரப்பின் பட்டினி நயமான உரைநடையில் கிடைக்கிறது. மறுதரப்பின் விடுதலை பெரும்பாலும் கடிதமாகக் கிடைக்கவில்லை. ஆவணக் காப்பகத்தில் எது இருக்கிறது என்பதை, யாருக்கு எழுத அனுமதி இருந்தது என்பதே முதலில் தீர்மானிக்கிறது. கடித இலக்கியத்தைப் பற்றிப் பேசும் எவரும் இதை மறக்கக் கூடாது.

கடிதம் அச்சேறிய பிறகு

1873இல் ஹெய்ன், நண்பரின் கவிதைகளைத் தொகுத்து நியூயார்க்கில் வெளியிட்டார். நீண்ட வாழ்க்கை முன்னுரை எழுதி, கடிதங்களின் பகுதிகளை அதில் சேர்த்தார். நட்புக்குச் செய்த பெருங்கடன் அது. ஆனால் காலம் எது என்று பாருங்கள். தோற்ற தெற்கு, தன் தோல்வியைத் தியாகக் கதையாக எழுதத் தொடங்கிய காலம். பட்டினி கிடந்த கவிஞர் அந்தக் கதைக்கு வேண்டிய முகமானார். ‘நாங்கள் எவ்வளவு துன்பப்பட்டோம், பாருங்கள்’ என்று சொல்ல அந்த வெள்ளிக் கூஜா பயன்பட்டது. 1901இல் சார்ல்ஸ்டனில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். 1911இல் அவருடைய ‘கரோலினா’ மாநிலப் பாடலானது. நூறு டாலருக்குத் தரத் தயாராயிருந்த கவிதையை, அவர் இறந்த பிறகு ஊர் விலையில்லாமல் எடுத்துக்கொண்டது.

1941இல் பேராசிரியர் ஜே ஹப்பெல், டியூக் பல்கலைக்கழகத்திலுள்ள ஹெய்னின் தாள்களை அடிப்படையாக வைத்து, திம்ராட்டின் கடைசி ஆண்டுகளைப் பற்றிய கடிதங்களைத் தனி நூலாகப் பதிப்பித்தார். எமிலியின் கடிதங்களும் அதில் இடம்பெற்றன. அப்போதுதான் தியாகியின் சிலைக்குப் பின்னாலிருந்த ஆள் தெரிந்தார்: சம்பளப் பாக்கியைக் கேட்பவர், வேலைக்கு அலைபவர், வேதனையிலும் வேடிக்கை பேசுபவர். சிலையைவிட அந்த ஆள் எனக்கு நெருக்கமானவர். அவரிடம் நாம் கேள்வி கேட்கலாம். சிலையிடம் கேட்க முடியாது.

முடிவுரை

என் தீர்ப்பு இதுதான். திம்ராட்டின் பசி உண்மை. அந்தப் பசியைச் சொன்ன உரைநடை, அவர் கவிதைகளில் பெரும்பகுதியைவிட உயிருள்ளது. ஆனால் பசி அவருடைய அரசியலுக்கு நியாயம் ஆகாது. கடிதம் என்பது எழுதியவரின் சாட்சியம். அதை ஒரு நாட்டின் சாட்சியமாக உயர்த்தும்போதுதான் பொய் நுழைகிறது. அந்தப் பொய்யைத் திம்ராட் எழுதவில்லை, அவரைக் கொண்டாடியவர்கள் எழுதினார்கள்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓர் எழுத்தாளரின் கடிதத் தொகுப்பு கையில் கிடைத்தால், அதே தேதிக்கு அவர் வெளியிட்ட கட்டுரையையோ கவிதையையோ பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யாருக்கு எழுதினார், யார் காப்பாற்றினார், யார் அச்சிட்டார், எப்போது அச்சிட்டார் என்று வரிசையாகக் கேளுங்கள். அதற்கு மேல் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: அதே ஊரில், அதே நாளில், கடிதம் எழுத முடியாமல் இருந்தவர்கள் யார்? அந்தக் கேள்விக்கு விடை தேடாத எந்தப் பதிப்பும் பாதிப் பதிப்பே.