மார்க்கத்தை யாரிடம் கேட்பது?

 



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களிலும் இன்று மஹல்லாவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, குடும்பத்துக்கு ஒரு குழு என்றாகிவிட்டது. ஜனாஸா அறிவிப்பும் நிக்காஹ் அழைப்பும் அதில்தான் வருகின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. 2024 ஜூனில் வாட்ஸ்அப்பிலேயே இத்தகைய செயற்கை நுண்ணறிவுக் கருவி இந்தியாவில் அறிமுகமானது. அதுமுதல் நம் உரையாடல்களில், நாவில்லாத ஒரு குரலும் சேர்ந்துகொண்டது.

ஒரு குடும்பத்தில் நடந்ததைப் பெயர் கூறாமல் சொல்கிறேன். ஒரு சகோதரர் வஃபாத்தானார். அவருடைய மருமகன் கைப்பேசிக் கருவியொன்றிடம், "மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் உள்ளனர், சொத்தை எவ்வாறு பிரிப்பது?" என்று கேட்டார். மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு என்று பதில் வந்தது. கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலே. குழுவிலிருந்த அனைவரும் "மாஷா அல்லாஹ்" என்று எழுதினர். ஆனால் மர்ஹூமின் வயது முதிர்ந்த தாயார் அதே வீட்டில்தான் இருந்தார்! அவரைக் கேள்வியில் எவரும் சேர்க்கவில்லை, கருவியும் கேட்கவில்லை.

பின்னர் இமாமிடம் சென்றபோது அவர் முதலில் கேட்டது: "மர்ஹூமின் தாய் தந்தையர் ஹயாத்தாக இருக்கிறார்களா?" இறந்தவருக்குப் பிள்ளைகள் இருப்பின் தாய்க்கு ஆறில் ஒன்று என்று அன்னிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் விதிக்கிறது. கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியதை 24 பங்காக்கினால் தாய்க்கு 4, மனைவிக்கு 3, பிள்ளைகளுக்கு 17. அந்த மூதாட்டியின் நான்கு பங்கைக் காப்பாற்றியது ஆலிமின் ஒரு கேள்வி!

அருமைச் சகோதரர்களே! பயணத்தில் தலையில் காயமுற்ற ஒரு ஸஹாபிக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருப்பதால் அனுமதியில்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள். அபூதாவூதில் பதிவான நிகழ்ச்சி இது. அறியாதவர் அளித்த உறுதியான பதில் ஓர் உயிரையே போக்கியது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் வந்த பல கேள்விகளுக்கு "அறியேன்" என்றே விடையளித்தார்கள். இக்கருவிகளோ தெரியாததையும் தெரிந்ததுபோல் கூறிவிடுவதுண்டு. 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி புனைந்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளாயினர். அவை உண்மையா என்று அக்கருவியையே கேட்டதற்கு, உண்மை என்றே அது சொல்லியிருந்தது! தீர்ப்பைப் புனைவது ஹதீஸையும் புனையாதா?

கருவியே ஹராம் என்று நான் கூறவில்லை. பிள்ளைகள் பாடம் கேட்கட்டும். விவசாயி பயிர் பற்றிக் கேட்கட்டும். ஆனால் தலாக், வாரிசுரிமை, ஹலால் ஹராம் ஆகியவற்றுக்கு ஆலிம்களை அணுகுங்கள். கருவி தந்த ஹதீஸை மூலநூலில் பார்க்காமல் குழுவில் பகிராதீர்கள். செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குடும்ப இரகசியங்களையும் அதனிடம் கொட்டாதீர்கள், அவை அமானிதம்.

நாளை மறுமையில் "கருவி சொன்னது, நான் பகிர்ந்தேன்" என்பது நமக்குரிய பதிலாகாது. கேள்வி கணக்கு நம்மிடமேயன்றிக் கருவியிடம் இல்லை.

அறிந்தோரிடம் கேட்டு அமல் செய்யவும், உரியவர் ஹக்கை உரியவரிடம் சேர்க்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.