கைநாட்டு வாங்குவதற்கு முன்



நம்ம லயங்களில் நாம் பார்க்கிற விசயம்தான். முப்பது வருசம் கொழுந்து பறித்த அம்மாவுக்குப் பாரிசவாதம் வருகிறது. பேச்சில்லை, ஆளையும் தெரியவில்லை. சேமலாப நிதி எடுக்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும். உடனே ஒருவர், "விரலைப் பிடிச்சு வைங்க, எல்லாம் சரியாயிரும்" என்கிறார். அந்தக் கைநாட்டைப் பற்றிப் பேசத்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

விளங்காத ஒருவரின் விரலைப் பிடித்து வைப்பது அவருடைய சம்மதம் ஆகாது. அற்றோணித் தத்துவமும் அப்படித்தான். எழுதிக் கொடுக்கிறவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும். நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தால், மருந்துக்குச் செலவழித்த பிள்ளையே களவாளி ஆகிவிடுவான்.

மகன், புருசன் என்ற உறவு மட்டும் அந்த அதிகாரத்தைத் தராது. புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைக்கும் இதே நிலைதான். 18 வயது வரை தாய் தகப்பன் கையெழுத்துப் போடலாம். (1989க்கு முன் அது 21 வயது.) அதன்பின் சட்டத்துக்கு அவரும் வளர்ந்த ஆள்தான்.

இதற்கு வழி மாவட்ட நீதிமன்றம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இது இருக்கிறது. உறவினர் மனுப் போடலாம். நீதிபதி வைத்திய அறிக்கையைப் பார்த்து, விசாரித்து, அவரால் தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாது என்று கண்டால்தான் பொறுப்பாளரை நியமிப்பார். ஆளைப் பராமரிக்கப் பாதுகாவலர், சொத்தைப் பார்க்க முகாமையாளர். இரண்டும் வேறு வேறு பொறுப்பு. முகாமையாளர் சொத்துப் பட்டியலும் வருசாவருசம் கணக்கும் கோட்டுக்குக் கொடுக்க வேண்டும். அனுமதியில்லாமல் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. காசு அம்மாவுடையதுதான், கையில் வைத்திருப்பவருடையது அல்ல! ஆள் தேறிவிட்டால் மறுபடி விசாரித்து அதிகாரத்தை அவரிடமே கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஒன்று கவனியுங்கள். வாய் கோணி, பேச்சுத் திக்கினால் புத்தி போய்விட்டது என்று அர்த்தமில்லை. தலையாட்டி, சைகை காட்டி விளங்கிச் சொல்கிற ஆளை "ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக் கோட்டுக்கு இழுப்பது பெரிய அநியாயம். அவரிடமே கேளுங்கள், பொறுமையாகக் கேளுங்கள்.

பேர் விட்டு, சம்பளத்தை இழந்து, சட்டத்தரணிக்கும் காசு கட்டுவது லேசான காரியமில்லை. அதனால் முதலில் தொழில் காரியாலயத்திலும் வங்கியிலும் என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். கோட்டுக்குப் போகத்தான் வேண்டுமென்றால், வருமானம் குறைந்தவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. போகும்போது அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரம், ஆஸ்பத்திரித் துண்டுகள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதி இலக்கம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.